கண்ணை மூடிப் பார்த்த டால்பின்

மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போனது சாமி பார்க்கத்தான். பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட கடலில் டால்பினும் பார்க்கலாம் என்றதும், வாழ்க்கையில் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரரை நச்சரித்துப் படகில் ஏற்றினேன். அவருக்குக் கடல் என்றால் பெசன்ட் நகரில் மிளகாய் பஜ்ஜி தின்னும் இடம்.

படகுக்காரர் ஏகப்பட்ட ஆசாரம் சொன்னார். கத்தக்கூடாது, கைதட்டக்கூடாது, தண்ணீரில் எதையும் போடக்கூடாது. எங்கள் தெருக் கோயிலில்கூட இவ்வளவு மடி கிடையாது. அங்கே சந்நிதியில் நின்றே போன் பேசுவோம்.

வெகுநேரம் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். "அதோ," என்றார் படகுக்காரர். கோயிலில் திரை விலகினால் வரும் பழக்கம். கை தானாகக் குவிந்தது, கண்ணும் மூடிக்கொண்டது. திறந்தபோது வெறும் அலை.

"என்னமா துள்ளிச்சு, பாத்தியா?" என்றார், வரமாட்டேன் என்று முரண்டு பிடித்த மனுஷன்.

"இன்னொரு தடவை வருமாப்பா?"

"அது இஷ்டம்மா. நாம தொரத்தக்கூடாது," என்று படகைத் திருப்பினார் படகுக்காரர்.

இப்போதெல்லாம் கற்பூரம் காட்டும்போது நான் கண்ணை மூடுவதில்லை. இத்தனை வருஷமாகச் சாமியையும் இப்படித்தான் கோட்டை விட்டிருக்கிறேன்.