பர்மிங்காம்தான், லண்டன் இல்லை

போன செவ்வாய்க்கிழமை திருச்சியில் ஒரு துப்பாக்கிக் கடையில் உட்கார்ந்து டீ குடித்தேன். சிரிக்காதீர்கள். பல்லி விழுந்தாலே நாற்காலி மேல் ஏறுகிற ரிட்டயர்டு டீச்சர்தான் நான். ஆனால் அன்றைக்கு என் தோழி பொற்செல்விக்கு ஒரு துணை தேவைப்பட்டது.

பொற்செல்வி பெரம்பலூரில் எங்கள் தெருமுனையில் மோட்டார், பைப் விற்கிற கடை வைத்திருக்கிறாள். சொந்த ஊர் உடையார்பாளையம் பக்கம். அவளுடைய அப்பா மாரிமுத்து போன வருஷம் காலமானார். கூலி வேலையில் ஆரம்பித்து, பிறகு சொந்தமாக நிலம் வாங்கி, முந்திரியும் மக்காச்சோளமும் போட்டவர். அவரிடம் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. லைசென்ஸும் இருந்தது. காட்டுப்பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி... அவ்வளவுதான் அதற்கு வேலை.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க முடியாது. அதைக் கடையில் ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயருக்கு மனு போட வேண்டும். பொற்செல்வி போட்டாள். துப்பாக்கி திருச்சிக் கடையில், மனு அரியலூர் கலெக்டர் ஆபீஸில்.

அங்கேதான் ஆட்சேபம் வந்தது. மாரிமுத்து ஒரு காலத்தில் வேலை பார்த்த பெரிய வீட்டின் பேரன் எழுதியிருந்தார். அது அவருடைய தாத்தாவின் லண்டன் துப்பாக்கியாம். தோப்புக் காவலுக்குத் தூக்கிப் போவதற்காக மட்டும் மாரிமுத்துவிடம் கொடுத்தாராம். தாத்தா இறந்த பிறகு மாரிமுத்து நம்பரை அழித்துவிட்டு, பொய்யாக வேறொரு நம்பர் சொல்லித் தன் பெயரில் லைசென்ஸ் வாங்கிவிட்டாராம். கூடவே தாத்தாவின் பழைய லைசென்ஸ் நகல்.

துப்பாக்கியைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்கிறீர்களா? அதுதான் இல்லை. அதில் நம்பரும் இல்லை, கம்பெனி பெயரும் இல்லை. வெளியே தெரிகிற இரும்பெல்லாம் மழுமழு என்று இருந்தது.

"நம்பர அழிச்சாருன்னு சுத்தி வளைச்சு எழுதுறதுக்கு, உங்கப்பா களவாணின்னு நேராவே எழுதியிருக்கலாம்ல டீச்சர்?" என்றாள் பொற்செல்வி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடம் எனக்கும் சந்தேகம் வந்தது. வந்தது மட்டுமா, "பின்ன நம்பர் எங்க போச்சு?" என்று கேட்டும் வைத்தேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவள் கோபப்படவில்லை. "ஆயுத பூஜையிலதான் போச்சு. வருசா வருசம் மம்பட்டி, அருவா, கடப்பாரையோட சேத்து அதையும் வாசல்ல போட்டு, புளியும் செங்கப்பொடியும் வச்சுத் தேய்ப்பாரு. பளபளன்னு வந்தாத்தான் சந்தனம், குங்குமம் வைப்பாரு. நான்தான் தண்ணி ஊத்துவேன்."

நான் நம்பினேன். ஆனால் கலெக்டர் ஆபீஸில் போய்ப் புளியைச் சாட்சிக்குக் கூப்பிட முடியுமா?

இரண்டு தரப்பையும் வைத்துக்கொண்டு கடையில் துப்பாக்கியைப் பரிசோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை நாங்கள் பஸ்ஸிலும் பேரன் காரிலும் போய் இறங்கினோம். ஆபீஸிலிருந்து ஒரு கிளார்க்கும் வந்திருந்தார்.

பேரன் மரியாதையாகத்தான் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. குடும்ப ஞாபகார்த்தம், அதான் கேக்குறேன். உங்களுக்கும் ஏதாவது பாத்துச் செஞ்சுடறேன்."

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் தம்பி," என்றாள் இவள். அவளுடைய அப்பா அந்த வீட்டில் எல்லோரையும் ஐயா என்றே கூப்பிட்டவர். நான் டீயை உறிஞ்சுவதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் துப்பாக்கியை வெளிச்சத்தில் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். முகம் சுருங்கியது. "யாருங்க இதைப் பாத்திரம் வெளக்குற மாதிரி வெளக்குனது? புளி போட்டிருக்காங்க."

நாங்கள் இருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை!

"அரத்தால அழிச்சா அந்த எடம் மட்டும் பள்ளமாத் தெரியும் சார்," என்று கிளார்க்கிடம் காட்டினார். "இது மொத்தமா தேஞ்சிருக்கு. ஆயுத பூஜைத் தேய்ப்பு. இந்தப் பக்கத்துலேர்ந்து வர்றதுல பாதி இப்படித்தான். ஆனா புளி உள்ள போயிருக்காது."

குழலுக்கு அடியில் இருந்த மரக்கட்டையைக் கழற்றினார். குழல் தனியாக வந்தது. எண்ணெயில் நனைத்த துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்தார். இத்தனை வருஷமாக வெயில் படாத அந்த இடத்தில் ஐந்து எண்கள் அச்சாக இருந்தன. லென்ஸை வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொன்றாக வாசிக்க, கிளார்க் இரண்டு லைசென்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். தாத்தாவின் லைசென்ஸில் விரல் இரண்டாவது எண்ணிலேயே நின்றுவிட்டது. மாரிமுத்துவின் லைசென்ஸில் ஐந்து வரைக்கும் போனது.

"அம்மா சொல்றதுதாங்க சரி," என்றார் கிளார்க்.

பேரன் விடவில்லை. "லண்டன் துப்பாக்கிதானே இது?"

கடைக்காரர் லென்ஸை அவரிடமே கொடுத்தார். "கிரீடத்துக்குக் கீழ பாருங்க. பர்மிங்காம் முத்திரை. லண்டன் கம்பெனியெல்லாம் இல்ல, லண்டனுக்கே இது வெளியூர் சரக்கு. விவசாயிங்க நெறையப் பேரு வாங்குனது."

"அப்ப வெலை?"

"பெரிய லண்டன் பேர் இருந்தா சேகரிக்கிறவங்க தேடி வருவாங்க. இது சாதாரணம். அதுலயும் புளி வேற போட்டாச்சு."

குடும்ப ஞாபகார்த்தம் எவ்வளவு வேகமாக ஆறிப்போகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டு, பேரன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விலை ஒட்டினால்தான் சிலருக்குத் தாத்தா ஞாபகம் வருகிறது... உங்கள் சொந்தத்திலும் இரண்டு பேராவது இருப்பார்களே? தாத்தாவின் லண்டன் துப்பாக்கி எங்கே போனது என்பது அவர்கள் வீட்டுக் கவலை.

கிளம்பப் போன எங்களைக் கடைக்காரர் நிறுத்தினார். அந்த நம்பரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்று உள்ளே போய், அவருடைய அப்பா காலத்துப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து வந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார். விற்றவர், பொன்மலையில் ரிட்டயர் ஆன ஒரு ரயில்வே அதிகாரி. வாங்கியவர், திரு. மாரிமுத்து, விவசாயி. பக்கத்தில் கோணல்மாணலாக, ஆனால் முழுசாக, ஒரு கையெழுத்து.

அழப்போகிறாள் என்று நான் கைக்குட்டையை எடுத்தேன். பொற்செல்வி கடையே அதிரச் சிரித்தாள். "ஊருல சின்னப் பசங்க கூட அவர ஏ மாரின்னுதான் கூப்புடுவாங்க டீச்சர். இங்க பாருங்க, திருன்னு போட்டிருக்கு." அந்தப் பக்கத்தை நான்கு தடவை போட்டோ எடுத்தாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஏதோ நானே ஜெயித்த மாதிரி, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை அவளுக்கு விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை அரியலூர் ஆபீஸ். ஜன்னலுக்குப் பின்னால் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இந்தக் கதை எதுவும் தெரியாதவள். ஃபைலைப் புரட்டிவிட்டு நிமிராமலே கேட்டாள், "இந்தத் துப்பாக்கிக்கு நீங்க என்ன வேணும்மா?"

"சொந்தக்காரரோட பொண்ணுங்க," என்றாள் பொற்செல்வி.

கலெக்டர் ஆபீஸ் என்பதால் விசில் அடிக்காமல் விட்டேன்.