மச்சான் பெயருக்குப் போன காபி

ஒற்றைத் தறியில் தொடங்கி எட்டுத் தறி போட்டவன் நான். கூரையைப் பிரித்து மச்சு கட்டினேன், கிணறு வெட்டினேன், தங்கைகள் இரண்டு பேரைக் கரையேற்றினேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவன் செய்த வேலை இவ்வளவும். ஊரில் யாரும் மறுப்பதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் காபி என்றால் மட்டும் எல்லோரும் என் மச்சான் பெயரைத்தான் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு வெறுத்துவிட்டது.

என் மனைவியின் அண்ணன் அவர், எங்களோடேயே இருந்தார். அறுபதுகளின் கடைசியில், பட்டணத்து ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் மாதம் ஒருமுறை வீட்டுக்கே வந்து புடவை பார்ப்பார். காபி பிடித்தால் நிதானமாக உட்காருவார், இல்லையென்றால் எழுந்துவிடுவார். அப்போது எனக்கு இரண்டே தறி. அவர் எடுக்காவிட்டால் தறியில் அடுத்த பாவு பூட்ட நூல் கிடையாது.

காபிக்கொட்டை வாங்கப் போனவர் மச்சான். கொட்டையை அள்ளி வெளிச்சத்தில் புரட்டி, பட்டு நூலைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். மினுமினுப்பு இருந்தால் போதும், வாங்கிவிடுவார். "பாரு மாப்ளே, இன்னா பளபளப்பு!" என்று கொண்டுவந்து கொட்டினார். கருக வறுத்து எண்ணெய் கக்கிய கொட்டை அது. "இத இன்னா மச்சான், கட்டிக்கவா போறோம்? குடிக்கணும்!" என்றேன். முதலாளி இரண்டு வாய் குடித்து டம்ளரை வைத்தார். நான்கு புடவையில் இரண்டைப் பிரிக்கக்கூட இல்லை.

அடுத்த மாதம் நானே போய் வறுக்காத பச்சைக் கொட்டையாகக் கேட்டேன். மூட்டைக்கு ஒன்று எடுத்துக் கடித்தேன். பல்லுக்கு வளைந்தால் ஈரம். டக்கென்று உடைந்தால் நன்றாகக் காய்ந்தது. "இன்னாபா, கொட்டை வாங்க வந்தியா, பசியாற வந்தியா?" என்றார் கடைக்காரர். உருண்டைக் கொட்டை ஒரு பங்கு, தட்டை மூன்று பங்கு என்று கலந்து வாங்கி, இரும்புச் சட்டியில் நானே வறுத்தேன். எண்ணெய் தலைகாட்டும் முன்பே முறத்தில் கொட்டி விசிறினேன்.

முதலாளி வந்தபோது நான் தறிக்குழியில். கோர்வைப் புடவை, உடலும் கரையும் கோத்துப் போகிற இடம், பாதியில் கையெடுக்க முடியாது. மச்சான்தான் காபி கொடுத்தார். முதலாளி குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். "கொட்டை யார் பொறுக்கனது?"

"நான்தாங்க. நம்ம கண்ணு அப்படி" என்றார் மச்சான், கூச்சமே இல்லாமல்.

"யோவ் மச்சான்!" என்று குழியிலிருந்து கத்தினேன்.

"ஒண்ணுமில்லீங்க, மாப்ள நூல் கேக்கறாரு."

நான்கு புடவையும் விலைபோயின. அதன்பின் முதலாளி வரும்போதெல்லாம் "மச்சான் காபி இருக்குதா?" என்பார். புடவை எடுக்கிறவரை எப்படித் திருத்துவது? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மச்சான் போய்ப் பல வருஷம் ஆகிறது. அவர் திதியன்று என் மருமகள் அவர் படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் வைத்து, "பெரிய மாமா கண்டுபிடிச்ச காபி" என்கிறாள். வைக்கட்டும், ஆசையாகக் குடித்த மனுஷன். ஆனால் இந்த வருஷம் படைக்கும்போது, கொட்டை பொறுக்கியவன் நான் என்று அந்தப் படத்துக்கு நேராக, எல்லோர் காதிலும் விழும்படி நானே சொல்ல வேண்டும். பொய் என்றால் அவரே எழுந்து வந்து சொல்லட்டும்.