எம். ஷார்ட், கேங்மேன்

குள்ளன் ஆறடி உயரம். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து, மொரப்பூருக்கும் பொம்மிடிக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் வேலையில் சேர்ந்தவன். நிஜமாகவே குள்ளமாக இருந்தவர் அவனுடைய தாத்தா. தாத்தன் பேரைச் சுமப்பவன்தானே பேரன்? பெயர் வந்தது, உயரம் வரவில்லை.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, ஒழுகாத வீடு. 1936 ஐப்பசி மழையில் குடிசைக் கூரை பிய்ந்துபோய், ஈரத்தில் கிடந்த முதல் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. "இனிமே ஓட்டு வூட்லதான் புள்ள பெத்துக்குவேன்" என்றாள் அவன் மனைவி செல்லி. அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஸ்டேஷன் கிளார்க் ராஜப்பன் வீடு கேட்டு மனு எழுதிக் கொடுத்தார். ராஜப்பனுக்கு இங்கிலீஷ் பைத்தியம். கண்ணில் பட்டதையெல்லாம் மொழிபெயர்த்தால்தான் சோறு இறங்கும். கருப்பண்ணனை ஆள் பதிவேட்டில் 'பிளாக் பிரதர்' ஆக்கிய மகான் அவர். மாதேஸ் மகன் குள்ளனை 'எம். ஷார்ட்' என்று மனுவிலும் எழுதினார், பதிவேட்டிலும் எழுதினார். மேலிடத்தில் படித்தவர்கள், ஐயோ பாவம், யாரோ ஒரு வெள்ளைக்காரன் காட்டில் கிடந்து அவதிப்படுகிறான் என்று உருகிவிட்டார்கள். துரைமார்களுக்கென்று கட்டிப் பூட்டிக் கிடந்த ஓட்டு வீட்டின் சாவி மறு மாதமே வந்தது.

மூன்று வருஷம் நிம்மதியாகப் போயிற்று. அப்புறம் வந்து சேர்ந்தார் ஒரு இன்ஜினியர் துரை. அவர் பெயரும் ஷார்ட். தன் வம்ச வரலாற்றை எழுதுவது அவருக்குப் பொழுதுபோக்கு. ரயில்வே ஆள் பட்டியலில் இன்னொரு ஷார்ட்டைப் பார்த்ததும், தூரத்துச் சொந்தமாக இருக்குமோ என்று டிராலி ஏறி வந்துவிட்டார். கதவைத் திறந்தது கோவணத்தோடு குள்ளன். துரையின் முகம் போன போக்கை ராஜப்பன் பின்னாளில் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு மட்டும் நடுங்கிக்கொண்டே மொழிபெயர்த்தார்.

"உன் அப்பா பெயரும் ஷார்ட்டா?"

"இல்லீங்க தொரை, அவரு மாதேஸுங்க."

"அப்பாவுக்கு இல்லாத பெயர் உனக்கு எப்படி வந்தது? எங்கள் வீட்டில் அப்பா, தாத்தா, அவருடைய அப்பா, பத்துத் தலைமுறையும் ஷார்ட்!"

குள்ளனுக்கு உண்மையிலேயே பரிதாபமாகிவிட்டது. "அத்தினி பேருமா குள்ளம்? அப்புறம் தொரை மட்டும் எப்பிடிங்க இவ்ளோ ஒசரம்?"

துரை பொறுமையாக விளக்கினார். எந்தக் காலத்திலோ அவர்கள் ஊரில் ஒரு குள்ள மனிதன் இருந்தானாம். ஊர் அவனை அப்படியே கூப்பிட்டது. அது பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டு குடும்பப் பெயராகிவிட்டதாம். இவ்வளவுதான் அந்த வம்சப் பெருமை.

உள்ளேயிருந்து செல்லி கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். "அந்த மொதக் குள்ளனோட அப்பனுக்கு அந்தப் பேரு இருந்துச்சான்னு கேளுங்க."

துரை யோசித்தார். இருந்திருக்காது என்றார்.

"அப்ப எங்க வூட்டுக்காரருதான் எங்களுக்கு மொத ஷார்ட்டுன்னு எழுதிக்கச் சொல்லுங்க. பின்னால பொறக்கறதுங்க அந்தப் பேரையே வெச்சுக்கட்டும்."

துரை விழுந்து விழுந்து சிரித்தார். நோட்டில் குறித்துக்கொண்டார். குள்ளனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். இரண்டாம் நாள் பதிவேட்டைத் திருத்தச் சொல்லி உத்தரவு வந்தது: ஷார்ட் அல்ல, குள்ளன். ராஜப்பன் அன்றே திருத்திவிட்டார். அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி இன்னொன்று வந்தது. சிரித்துக் கைகுலுக்கிய மனுஷன்! நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ராஜப்பன் அந்தக் காகிதத்தை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். "எம். ஷார்ட் உடனே காலி பண்ணணும்னு போட்டிருக்குது. ஏன்டா குள்ளா, நம்ம பதிவேட்ல எம். ஷார்ட்னு யாரு இருக்கா?"

அப்படி ஒருவர் இந்த ஸ்டேஷனில் இல்லை என்று அன்றைக்கே பதில் எழுதினார். அவர் வாழ்நாளில் எழுதிய சுத்தமான இங்கிலீஷ் அதுதான். ஆசாமி போய்விட்டான் என்று மேலிடம் வீட்டைக் காலிக் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

1947-இல் துரைமார்கள் கப்பலேறியபோதும் காகிதத்தில் அந்த வீடு காலியாகவே இருந்தது. அதற்குள் செல்லி அங்கே நான்கு பிள்ளை பெற்றிருந்தாள்.