‘பி’ என்றால் பார்

பெரம்பலூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் நான்கு பேர். நான் அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். சேர்ந்த வருஷமே, பாடாலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காய விவசாயிகள் குழு ஒன்றுக்காகச் சிறிய புரோகிராம் ஒன்று எழுதினேன். எந்த ஊருக்கு என்றைக்கு லாரி வரும் என்று அந்த ஊர்க்காரர்களின் போனுக்கு அது மெசேஜ் அனுப்பும். குழுவின் கம்ப்யூட்டர் ரொம்பப் பழையது என்பதால் படம், பட்டன் எதுவும் வைக்கவில்லை. கறுப்புத் திரையில் புரோகிராமின் பெயரை அடித்து, சின்னதாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஓர் எழுத்து அடிக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த எழுத்துதான் சொல்லும்.

அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அக்கா. இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், வார்த்தைகள் அவ்வளவாக வராது. அவரோடு உட்கார்ந்துதான் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தேன். ஊருக்கு u, நாளுக்கு n, அனுப்ப a. அனுப்பாமல், யாருக்கு என்ன போகும் என்று திரையில் பார்க்க மட்டும் p. இதற்கெல்லாம் இங்கிலீஷ் வார்த்தையின் முதல் எழுத்தை வைப்பதுதான் உலக வழக்கம் என்று எனக்குத் தெரியும். அதை மீறியதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒரே வாரத்தில் அக்கா கீபோர்டைக் குனிந்து பார்க்காமலே அடிக்கத் தொடங்கிவிட்டார்.

மூன்றாம் வருஷம் எங்கள் சார் அதே புரோகிராமை வெளிமாநிலத்திலும் விற்க ஏற்பாடு செய்தார். எழுத்துகள் எல்லாம் இங்கிலீஷுக்கு மாற வேண்டும் என்றார். சென்ட் என்பதற்கு s வைக்கலாம் என்றால் அதை ஏற்கெனவே ஸ்டாக்குக்குக் கொடுத்திருந்தேன். போஸ்ட் என்று வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு p கொடுத்தேன். பார்ப்பதற்கு v. மாற்றங்களை விளக்கிக் குழுவுக்கு இங்கிலீஷில் ஒரு மெயில் போட்டுவிட்டு, அவர்களுடைய கம்ப்யூட்டரிலும் புதியதை ஏற்றினேன். அக்காவுக்கு ஒரு போன் பண்ணவில்லை. ஏன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, போன் நம்பர்களெல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க நினைத்த அக்கா, சும்மா மறுநாள் தேதியைப் போட்டு, மூன்று ஊருக்கு p அடித்திருக்கிறார். திரையில் வழக்கம்போலப் பட்டியல் வந்தது. அதன் அடியில், எல்லாருக்கும் அனுப்பியாயிற்று என்று இங்கிலீஷில் இருந்த ஒரு வரியை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் போன் வந்தது.

“பாப்பா, நான் பார்க்கத்தானே செஞ்சேன். அது எப்படிப் போச்சு?”

பாடாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ரோட்டோரம் முழுக்க மூட்டைகள். ஆள் வைத்துப் பிடுங்கி, தாள் அரிந்து, மூட்டை பிடித்து, விடியலிலிருந்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நடுவில் நின்று ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார். லாரி வராது, தப்பு அக்காமேல் இல்லை, என்னுடையதுதான் என்று சொன்னேன். எழுத்தை மாற்றிய கதையையும் சொன்னேன். பலருக்குப் புரியவில்லை. ஒரு பெண்ணுக்கு நன்றாகப் புரிந்தது.

“எழுத்த மாத்துனா, அத அடிக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?” என்று கேட்டார்.

மதியத்துக்குள் குழுச் செயலாளர் இரண்டு மினி வேன் பிடித்தார். பாதி மூட்டைகள் போயின. மீதியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் சிலவற்றுக்குக் கை கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே குழுவுக்குப் பழைய எழுத்துகளைத் திருப்பி வைத்தேன். வெளியூர்க்காரர்களுக்கு இங்கிலீஷ்தான் என்பதில் சார் உறுதியாக இருந்தார். ஆக, ஒரே புரோகிராமில் இரண்டு அட்டவணை. ஒன்றில் பார்க்கிற எழுத்து இன்னொன்றில் அனுப்புகிற எழுத்து. அதற்குப் பிறகு யார் என்ன புதிதாகக் கேட்டாலும், இரண்டிலும் இடிக்காத எழுத்தைத் தேட வேண்டியிருக்கிறது. சின்ன எழுத்துகள் தீர்ந்து பெரிய எழுத்துகளுக்குப் போய்விட்டேன்.

சென்னையில் இரண்டு முறை வேலை கிடைத்தது. சார் தடுக்கவில்லை. யாருக்காவது சொல்லிக்கொடுத்துவிட்டுத் தாராளமாகப் போ என்றார். வந்த முதல் ஆள் அட்டவணையை ஒரு வாரம் பார்த்துவிட்டு நின்றுகொண்டார். இரண்டாவதாக வந்த பெண் கெட்டிக்காரி. இதெல்லாம் அசிங்கமாக இருக்கிறது, மொத்தத்தையும் ஒழுங்குபடுத்திவிடலாம் என்றாள். இங்கிலீஷுக்கு மாற்றியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். புரோகிராமை மாற்றுவதற்கான பாஸ்வேர்டை அவளிடம் கொடுக்க முடியவில்லை. எதைத் தொட்டாலும் பின்னால் வந்து நின்று பார்த்தேன். அவளும் போய்விட்டாள். சென்னைக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன்.

போன மாதம் அக்கா கூப்பிட்டார். மழை வந்தால் லாரியை ரத்து செய்து மெசேஜ் அனுப்ப ஓர் எழுத்து வேண்டுமாம். ரத்துக்கு r வைக்கலாமே என்றார். இன்னொரு அட்டவணையில் r ரிப்போர்ட். வெறுமனே காட்டுவது. இரண்டையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்து, கடைசியில் பெரிய X கொடுத்தேன். அதை ஏற்றிவிட்டு அக்காவுக்குப் போன் பண்ணினேன். எடுத்ததும் கேட்டார்: “ஏன் பாப்பா, சென்னைக்குப் போறேன்னு சொன்னியே, போகலியா?”

“இல்லக்கா. உங்க நம்பரை மட்டும் போட்டு, ஷிஃப்ட் அழுத்திக்கிட்டு எக்ஸ் அடிச்சுப் பாருங்க” என்றேன்.

அவர் அடிக்கும் சத்தம் போனில் கேட்டது. என்ன வந்தது என்று அவர் சொல்லும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.