வெண்கடல் என்று எழுதிய இருவர்

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் நான் ஒருவரையும் நம்புவதில்லை.

போனில் ஒரு பொது அறிவுப் போட்டிக் குழு. இலண்டனில் இருக்கிற ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதி அனுப்புவார். அவரை நாங்கள் நடுவர் அண்ணை என்போம். அவருக்கு அது காலைத் தேநீர் நேரம். கனடாக்காரருக்கு அரைத் தூக்கம். எனக்கு எங்கள் தீவில், சரவணை ஊரில், சோளகக் காற்று கூரைத் தகரத்தைக் கிளப்பிக் கிளப்பிப் பார்க்கிற நேரம். அங்கே முகமும் இல்லை, பெயரும் இல்லை. வைத்திருக்கிற படம்தான் ஆள். நான் ஒரு கறுப்புப் பூனை. தயிர்ச்சட்டி ஒன்று இருக்கிறது. வெளிச்சவீடு ஒன்று இருக்கிறது.

தேடிப் பார்க்கக்கூடாது, மனத்தில் இருப்பதை எழுத வேண்டும் என்பது சட்டம். மீறினால் பிடிக்க வழியில்லாத சட்டம். அதனால் எல்லாரும் எல்லாரையும் முகர்ந்துகொண்டே விளையாடுவோம். விடை பிந்தி வந்தால் தேடியிருக்கிறார். உடனே வந்தால் பக்கத்தில் இன்னொரு போன் இருக்கிறது. எழுத்துப் பிழையோடு வந்தாலும் நான் விடமாட்டேன். ஒட்டியதை மறைக்கத்தான் அந்தப் பிழை. தயிர்ச்சட்டி ஆபிரிக்கத் தலைநகரங்களைக் கடலை கொறிப்பதுபோலச் சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். வெளிச்சவீட்டை மட்டும் அவ்வளவாகக் கவனித்ததில்லை. கெட்டித்தனமான, அமைதியான ஆள்.

பிறகு ஒரு நாள் நடுவர் அண்ணை கேட்டார்: கரையே இல்லாத கடல் எது?

நான் வெண்கடல் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய விரல் எழும்ப முன் வெளிச்சவீட்டிடம் இருந்தும் வந்து விழுந்தது: வெண்கடல்.

சரியான விடை சர்காசோ. நடுவர் அண்ணை சிரிப்பு முகம் ஒன்றைப் போட்டு, "பூனையும் வெளிச்சவீடும் ஒரே பள்ளிக்கூட வாங்கில இருந்து பாத்து எழுதினவையோ?" என்று கேட்டிருந்தார். குழு முழுக்கச் சிரித்தது. வெளிச்சவீடு, "பிழைதான். நன்றி" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

என்னால் போக முடியவில்லை. அந்தக் கேள்விக்கு வெண்கடல் என்ற விடை எங்கேயும் கிடையாது. எங்கள் வகுப்பில் மட்டும் இருந்தது. புவியியல் வாத்தியார் ஒருவர், கரையெல்லாம் பனி மூடிக் கிடப்பதால் வெண்கடலுக்குக் கரை இல்லை என்று சொல்லி எழுதுவித்தார். தவணைப் பரீட்சையில் அதற்குப் புள்ளியும் போட்டார். எந்தப் பக்கம் நடந்தாலும் கரையில் போய் முட்டுகிற தீவுப் பிள்ளைகளுக்குக் கரையில்லாத கடல் என்பது பேய்க்கதை மாதிரி. ஒருவரும் மறக்கவில்லை.

அந்த வகுப்பில் இருந்தவர்களை மனத்துக்குள் ஒவ்வொருவராக எழுப்பினேன். இடம்பெயர்ந்து போனவர்கள், திரும்பி வந்தவர்கள், கனடாவில் பேரப்பிள்ளை பார்க்கிறவர்கள், இல்லாமல் போனவர்கள். எல்லாருக்கும் ஓர் இடம் இருந்தது, ஒருவனைத் தவிர.

என் முன்வீட்டு அக்காவின் தம்பி அவன். பிரான்சுக்குப் போனவன். தாயின் செத்தவீட்டுக்கு அவன் வரவில்லை. அக்கா போனில் வாயில் வந்ததை எல்லாம் சொல்லி, இனி எனக்குப் போன் எடுக்காதே என்று வைத்துவிட்டார். அவனும் எடுக்கவில்லை. பிறகு அக்கா எடுத்தபோது அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. வருடங்கள் போயின. அங்கிருந்து வந்த ஒருவர், அவன் இப்போது இல்லையாம் என்று கேள்விப்பட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த 'ஆம்' வீட்டுக்குள் புகுந்து குந்திக்கொண்டது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்தால் குடும்பத்துக்குக் கூடாது என்று தாய்மாமன் முறையான அம்மான் அரித்து அரித்து, கடைசியில் அக்கா தலையாட்டிவிட்டார். வருகிற அமாவாசைக்குக் கீரிமலையில் அவனுக்குக் கிரியை. ஐயரிடமும் சொல்லியாகிவிட்டது.

உயிரோடு இருக்கிறவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போகிறார்களோ? அல்லது, ஒரு பிழையான விடையைப் பிடித்துக்கொண்டு, செத்தவனை எழுப்பி அந்த மனுசியிடம் கூட்டிப் போகப் போகிறேனோ? என் சந்தேகத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. வெளிச்சவீட்டுக்குத் தனியாக எழுதினேன்: வெண்கடல் என்று உங்களுக்கு யார் சொன்னது? வாசித்ததற்கான நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு குழுவில் அது வழக்கம்போல விடை எழுதிக்கொண்டிருந்தது, எனக்கு மட்டும் ஊமை. ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் ஒளிக்க வேண்டும்?

அமாவாசை கிட்டக் கிட்ட என்னால் தாங்க முடியவில்லை. போனை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனேன். அக்கா குசினி அடுப்படியில் இருந்து முருங்கையிலையைச் சுளகில் ஆய்ந்துகொண்டிருந்தார். சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"நீர் ஏன் பிள்ளை இப்ப வந்து உதைச் சொல்லுறீர்?"

குழுவைத் திறந்து போனை நீட்டினேன். அக்கா கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். வெளிச்சவீடு எழுதியதை எல்லாம் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனார். மாதக்கணக்கான விடைகள். மலைகள், மன்னர்கள், மூலகங்கள். தம்பியின் முகத்தை அதில் எங்கேயாவது காணலாம் என்பதுபோலக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். திரும்பக் கீழே இறங்கி, 'பிழைதான். நன்றி' வந்த இடத்தில் நின்றார்.

"இது அவனில்லை."

ஏன் என்று கேட்டேன்.

"அவன் பிழையெண்டு ஒத்துக்கொண்ட சரித்திரமே இல்லை. நன்றியாம். ஆரோ கள்ளர். நீரும் உதுகளுக்குப் பின்னாலை திரியாதையும்."

போனைத் திருப்பித் தந்தார். முறைக்கு எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவர் சுளகைத் தட்டிய தட்டு எனக்குப் பிடிக்கவில்லை. குசினி வாசலிலேயே நின்று, வெளிச்சவீட்டுக்கு இன்னும் ஒரு தரம் எழுதினேன். இம்முறை ஒளித்து மறைக்கவில்லை: சரவணையில் ஒரு அக்கா, அமாவாசைக்குத் தம்பியின் கிரியை செய்யப் போகிறார், உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

இம்முறை பதில் உடனே வந்தது. பார்த்துப் பார்த்துக் கூட்டிய தமிழ்.

'வெண்கடல் அப்பா சொல்லித் தந்தது. பதில் எழுத வேண்டாம் என்று அப்பாதான் சொன்னார். நான் அவருடைய மகள். பிழை என்று சொன்னேன், அவர் இன்னும் அதுதான் சரி என்கிறார்.'

வாசித்துக் காட்டினேன். அவனுக்கு மகள் இருக்கிறாள் என்பதே எங்களுக்குத் தெரியாது. அக்கா கதிரையை இழுத்துப் போட்டு அதில் குந்தினார். முகம் இளகுவதுபோல வந்து, மறுபடி இறுகியது.

"அப்பா எண்டு ஆரும் சொல்லலாம். ஆரோ இறங்கித் தேடினால் எங்கடை வீட்டுக் கதை கிடைக்காதே? கேளும், ஐயான்ரை றேடியோ கிணத்துக்கை எப்பிடி விழுந்ததெண்டு."

அந்தக் கதை ஊருக்கே தெரியும். கிணற்றுக் கட்டில் பாட்டுப் போட்டுக் குளித்த தம்பி தகப்பனின் றேடியோவை விழுத்திவிட்டான், அவரிடம் பூவரசம் தடியால் அடி வாங்கினான். எனக்கே தெரிந்ததைக் கேட்டு என்ன பயன் என்று நினைத்தேன். எழுதி அனுப்பினேன். எழுதிக்கொண்டிருக்கிறார் என்று போன் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தார். நகம் பதிந்தது.

'அப்பா சொல்கிறார்: அது விழவில்லை. அக்கா தள்ளினவ. அடி எனக்கு.'

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"தட்டுப்பட்டது," என்றார் போனைப் பார்த்து. "தள்ளேல்லை. எத்தினை தரம் சொல்லுறது இவனுக்கு."

எழுதச் சொன்னார். எழுதினேன். தள்ளினதுதான் என்று திரும்பி வந்தது. அப்பா போனில் கதைக்க வருவாரா என்று நானாக மகளிடம் கேட்டேன். இப்போது மாட்டாராம் என்றாள். நான் அந்த 'இப்போது'வை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. தன்னுடைய போனைத் தேடி எடுத்து, கண்ணாடி இல்லாமல் இலக்கத்தைத் தடவித் தடவி அமத்தினார்.

அம்மான் எடுத்தார். ஐயருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கீரிமலைக்கு ஒருவரும் போகத் தேவையில்லை என்றார் அக்கா. அந்தப் பக்கம் இருந்து நீளமாக ஏதோ வந்தது. யார் சொன்னது, எப்படி நம்புகிறாய் என்று கேட்டிருக்க வேண்டும்.

"சண்டை பிடிக்கிறான், அம்மான்," என்றார்.