அப்பாவுக்கு உருமா கட்டிக்கொண்டவள்

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நல்லதை மட்டும் எழுதும்மா என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

அப்பா பிறந்தது பேரையூர்ப் பக்கம், மழையை நம்பிய விவசாயக் குடும்பத்தில். படிப்புக்காகத் திருப்பரங்குன்றத்தில் தம் அத்தை வீட்டுக்கு வந்தவர், அங்கேதான் கூடைப்பந்தை முதன்முதலாகத் தொட்டார். அந்த ஆட்டத்துக்கு உயரம் வேண்டும் என்பார்கள். அப்பா குள்ளம். ஆனால் அவர் நெட்டையர்களின் கைக்கடியில் புகுந்து வெளியேறிய பிறகும், பந்து எங்கே என்று அவர்கள் தேடிக்கொண்டிருப்பார்களாம். அதைப் பார்த்துத்தான் ஒரு பஞ்சாலை அவருக்கு வேலை கொடுத்தது. ஆலை அணிக்குத் தலைவராகவும் இருந்தார். ஆலையை மூடியதும் விடிகாலையில் பால் பாக்கெட் போட்டார், மாலையில் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார்.

எங்கள் பகுதி விளையாட்டுக் கழகத்தின் காலியிடத்தில் கருவேல முள்ளை வெட்டி, இரண்டு இரும்பு போஸ்ட் நட்டு மைதானம் ஆக்கியவர் அப்பா. தினமும் முதல் ஆளாகப் போய்த் தண்ணீர் தெளித்து, கூட்டிப் பெருக்கி, சுண்ணாம்பில் கோடு போடுவார். கோச் எதற்கு விளக்குமாறு பிடிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், “கீழ விழுறது நம்ம பிள்ளைகதானப்பா” என்பார்.

அங்கே ஆட வந்தவர்தான் நான் அண்ணன் என்று கூப்பிட்டவர். பெயரை எழுத மாட்டேன். தகப்பன் இல்லாத பிள்ளை என்று அப்பா வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். அண்ணன் தட்டில் முட்டை இருக்கும், என் தட்டில் குழம்பு மட்டும். நானும் கல்லூரி அணி வரைக்கும் ஆடியவள்தான். ‘நீயும் வந்து கோச்சிங் பழகு’ என்று அப்பா ஒரு நாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. கழகத்தின் செயலாளர் பதவியைத் தாமே முன்னின்று அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தார்.

அதோடு விட்டாரா? எங்கள் பக்கம் கருமாதியன்று உருமா கட்டுவது வழக்கம். போனவருக்கு இனி வாரிசு இவர்தான் என்று ஊர் பார்க்கத் தலையில் துண்டைக் கட்டுவார்கள். நான் ஒரே பெண். என் கல்யாணப் பந்தியில் எல்லாரும் கேட்க அப்பா சொன்னார்: “எனக்கு மகன் இல்லன்னு எவனும் உச்சுக்கொட்ட வேணாம். உருமா கட்ட இவன் இருக்கான்.” கல்யாணப் பெண்ணாக இலை முன்னால் உட்கார்ந்திருந்த நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

அப்பா காலமாவதற்கு முந்தின வருடம் ஒரு நாள், விளக்குமாறோடு போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். “போஸ்ட்டக் காணோம்” என்றார். இரண்டையும் அடியோடு அறுத்திருந்தார்கள். பச்சை விரிப்புப் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் மைதானமாக்கக் கழகத்தில் முடிவெடுத்திருந்தார்கள். முடிவெடுத்தவர் அண்ணன். முந்தின நாள் மாலைகூட எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போனவர்.

போன் போட்டுக் கேட்டேன். “காலம் மாறிப்போச்சு தங்கச்சி. மாஸ்டருக்கும் வயசாயிருச்சு. சொன்னா வருத்தப்படுவாருன்னுதான் சொல்லல” என்றார். என்ன ஒரு கரிசனம்!

அப்பா அதன் பிறகு பஸ் ஏறிச் சமயநல்லூருக்குப் போய், ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அண்ணனைப் பற்றிப் பேச்செடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். ஆனால் நெஞ்சுவலியில் படுத்த பிறகு, வாசலில் பைக் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அண்ணன் வரவே இல்லை.

அப்பா போன அன்று தெருமுனையில் ஃப்ளெக்ஸ் மட்டும் வந்தது. அப்பா படம் சின்னதாக, கும்பிடும் அண்ணன் படம் பெரிதாக. கருமாதியன்று அண்ணனே குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து பலகையில் உட்கார்ந்தார். அப்பா கொடுத்த வாக்கு ஆயிற்றே! தாய்மாமா துண்டை விரித்துவிட்டார். அதுவரை சுவரோரம் இருந்த அம்மா எழுந்து வந்தார்.

“தம்பி, எந்திரிப்பா.”

“அம்மா, மாஸ்டர் சொன்னது...”

“சொன்னாருதான். படுத்துக் கெடந்தப்ப எம்புட்டு நாளு வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு, அது ஒனக்குத் தெரியுமா? எந்திரி.” பிறகு மாமாவிடம் திரும்பி, “அண்ணே, எம் மக தலையில கட்டுங்க” என்றார்.

பொம்பளைக்கு உருமாவா என்று பெரியவர்கள் சிலர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள். மாமா கட்டினார். அப்பா இருந்திருந்தால் சம்மதித்திருப்பாரா? மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கூப்பிட்ட நேரமெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ எடுத்த பக்கத்து வீட்டு பாய்க்கும், அவர் வீட்டிலிருந்து கஞ்சி கொடுத்தனுப்பிய அக்காவுக்கும், சுடுகாட்டு வாசல் வரை நடந்து வந்த சமயநல்லூர்ப் பிள்ளைகளுக்கும், ஊர்ப் பேச்சைப் பார்க்காமல் துண்டைக் கட்டிய மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணே, இந்த மலர் உங்களுக்கும் தபாலில் வரும். நன்றி சொல்லும் இடத்தில் உங்களைத் தேட வேண்டாம். சமயநல்லூர்ப் பிள்ளைகளுக்கு இப்போது நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் ஆளாகப் போய் மைதானத்தைக் கூட்டுகிறேன். தூசி மூக்கில் ஏறாமலிருக்க அந்த உருமாத் துண்டைத்தான் முகத்தில் கட்டிக்கொள்கிறேன்.