ஸ்தாமெனின் எஃகு ஆணி

ஸ்தாமென் திரகோலொவைப் பொறாமைக்காரர் என்று வர்னாத் துறைமுகத்தில் எவரும் சொன்னதில்லை. நேரம் தவறாதவர், திருகுகளை அளவுவாரியாக அடுக்கி வைப்பவர், கடல் கொந்தளித்தாலும் மீசையைச் சீவிக்கொண்டுதான் மேல்தளத்துக்கு வருபவர் என்பார்கள். ஆராய்ச்சிக் கப்பலில் அவருடன் பதினோரு ஆண்டுகள் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் இன்னொன்றையும் நான் அறிவேன். அவருடைய உறக்கத்தையும் உணவையும் ஒரே ஒரு பெயர் கெடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெயர் லூபென்.

இருவருக்கும் ஒரே வேலை. ஒரே அறையில் மேல்கட்டில், கீழ்க்கட்டில். கருங்கடலின் அடியிலுள்ள வண்டலை அடுக்குக் குலையாமல் நீண்ட தண்டாக எடுத்துவருவது அவர்கள் தொழில். எடை கட்டிய பத்து மீட்டர் இரும்புக் குழாயைக் கம்பிவடத்தில் இறக்கிச் சேற்றுக்குள் பாயவிடுவார்கள். உள்ளே இருக்கும் பிஸ்டன், வண்டல் நசுங்காமல் ஏற உதவும். குழாய் பாய்ந்து நின்றபின் வடத்தை இழுக்கும்போது அந்தப் பிஸ்டன் இரண்டாகப் பிரிந்துவிட வேண்டும். இல்லையேல் மருந்தூசியைப் போல அடிச்சேற்றை உறிஞ்சிக் குழாயைப் பொய்யாக நிரப்பிவிடும். பிரிவதற்காகவே அதில் மெல்லிய பித்தளை ஆணி ஒன்றைச் செருகுவார்கள். இழுவையில் அது முறியும். முறியாத எஃகு ஆணியைக் கப்பல் தளத்தில் பூட்டிச் சோதிக்கும்போது மட்டும் செருகுவார்கள்.

காலைமுறை லூபெனுக்கு, பிற்பகல்முறை ஸ்தாமெனுக்கு. அன்று எவருடைய தண்டு குட்டையோ அவர்தான் குழாயையும் பிஸ்டனையும் கழுவ வேண்டும். கருங்கடல் சேற்றின் அழுகிய முட்டை நாற்றம் மூன்று நாள் கையை விட்டுப் போகாது. மறுநாள் எதிர்முறையினர் தண்டைப் பிளந்து பார்ப்பார்கள். அடுக்குகள் ஒழுங்காக இருந்தால், பயணத்தின் மிக நீளமான அளவு சமையலறைக் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதப்படும். அந்தப் பெயருக்குரியவருக்கு அவரைக்கொட்டைச் சூப்பின் அடியில் கிடக்கும் கறி முதலில் கிடைக்கும்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு இலையுதிர்காலப் பயணத்தில் கதவில் இருந்த எழுத்து: "லூபென், 8.72". சமையற்காரர் மின்சோ அதைப் படித்துக்கொண்டேதான் ஒவ்வொரு நாளும் அகப்பையை எடுப்பார்.

"ஸ்தாமென், உனக்கு மிளகா ஊறுகாய் போதும்யா. கறிய நீளமான ஆளு தின்னுட்டுப் போயிட்டாரு."

"சாப்பாடு போடு மின்சோ, கணக்கு சொல்லாத."

அந்தப் பயணத்தில் சூப்பைவிடப் பெரியதொன்று காத்திருந்தது. கடலடியைத் துளையிட்டு ஆராயும் வெளிநாட்டுத் துளைக்கப்பல் ஒன்றில் ஓராண்டு பணிபுரிய எங்கள் நிலையத்திலிருந்து ஒருவரை அனுப்பப் பேராசிரியை வெல்செவா ஒரு பெயரை எழுதித் தர வேண்டியிருந்தது. மிக நீளமான தண்டை எடுப்பவருக்கே அது கிடைக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். ஸ்தாமென் இருபத்திரண்டு ஆண்டுகளாக விரும்பிய வேலை அது. லூபெனோ மூன்று வயது இளையவர். சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்பவர். பேராசிரியை அவரை "லூப்சோ" என்று செல்லமாக அழைப்பார். இவரைத் "திரகோலொவ்" என்பார். அந்த ஒரு சொல் வேறுபாட்டை ஸ்தாமென் நாள்தோறும் எண்ணிப் பார்த்தார் என்பது பின்னாளில் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடைசிக் குழாய் இறங்க வேண்டிய பிற்பகலில் அவர் பிஸ்டனைப் பூட்டினார். நான் பதிவேட்டுடன் நின்றேன்.

"ஆணி?"

"பித்தளை. எழுதிக்கோ."

எழுதினேன். அவர் செருகியது எஃகு ஆணி. தண்டின் அடிப்பகுதியில் வருவது சாம்பல்நிறக் களிமண். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். அதில் ஒரு மீட்டர் உறிஞ்சப்பட்டு வந்தாலும் எவர் கண்ணிலும் படாது என்பது அவர் கணக்கு.

குழாய் மேலே வந்தது. வண்டல் தங்கும் உள்ளுறையைக் குழாயிலிருந்து உருவி அளந்தோம்: ஒன்பது மீட்டர் எண்பது! தளமே கைதட்டியது. லூபென் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

"அண்ணே, கொன்னுட்டீங்க! ஒரு மீட்டருக்கு மேல தூக்கிட்டீங்களே! இன்னைக்கு நாத்தம் எனக்குத்தான்."

"நல்லாத் தேச்சுக் கழுவு" என்றார் ஸ்தாமென். சிரிக்கவில்லை.

"திரகோலொவ், நாளைக்குப் பிளந்து பார்த்துட்டு உங்க பேரையே எழுதிடுறேன்" என்றார் பேராசிரியை.

மறுநாள் காலை ஆய்வறையில் லூபென் உள்ளுறையை நீளவாக்கில் பிளந்தார். மேலே வெண்மையும் கருமையுமாக மெல்லிய கோடுகள். பிறகு கூழ்போன்ற கரும்படலம். பிறகு சாம்பல் களிமண். கடைசித் துண்டுகளைப் பிளந்தபோது எல்லோரும் மேசைமேல் குனிந்தோம். ஒரே நிறம் என்று ஸ்தாமென் நம்பிய களிமண்ணில் துருநிற இழைகள் இருந்தன. குறுக்காகக் கிடக்க வேண்டிய அவை, உருவிய நூலைப்போல் நெடுக்காக ஓடின.

"உறிஞ்சியிருக்கு" என்றார் பேராசிரியை. "ஆணி என்ன ஆச்சு?"

நான் பதிவேட்டைப் பார்த்து, "பித்தளை" என்றேன்.

லூபென் கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். "புதுப் பெட்டி ஆணி, மேடம். அந்தப் பெட்டியே சரியில்ல. என் முறையிலகூட ஒண்ணு முறியாமத்தான் அடம் புடிச்சது. அண்ணன் மேல தப்பில்ல." சொல்லிக்கொண்டே மேசைக்கடியில் ஸ்தாமெனின் உள்ளங்கையில் எதையோ அழுத்தினார். முதல்நாள் கைதட்டலில் ஸ்தாமென் உருவ மறந்து, பிஸ்டனைக் கழுவும்போது லூபெனுக்குக் கிடைத்த எஃகு ஆணி அது.

பேராசிரியை தலையசைத்தார். "கருவிக் கோளாறுன்னா ஆளைக் குறை சொல்ல முடியாது. சொன்னபடி திரகோலொவ் பேரையே எழுதுறேன்."

ஸ்தாமென் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், துளைக்கப்பல் அவருடையது. அவர் முகம் மெல்லச் சிவந்தது. பிறகு அந்த ஆணியைப் பேராசிரியையின் முன்னால் மேசைமேல் வைத்தார்.

"பெட்டி நல்ல பெட்டிதான். இதை நான்தான் போட்டேன். தெரிஞ்சே போட்டேன்."

"அண்ணே, சும்மா இருங்க..."

"நீ பேசாதடா!"

என் கையிலிருந்த பேனாவை வாங்கி, "பித்தளை" என்பதை அடித்து, "எஃகு" என்று எழுதிக் கையொப்பமிட்டார். நேர்மை என்று அன்று கப்பல் முழுவதும் அதைப் புகழ்ந்தது. ஆண்டுகள் கழித்து நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோது அவர் எரிந்து விழுந்தார்.

"நேர்மையாவது மண்ணாவது! நீளத்துல ஜெயிச்சான், பேருல ஜெயிச்சான். பெரிய மனசுலயும் அவனே ஜெயிக்கணுமா? அவன் போட்ட பிச்சையில நான் கப்பல் ஏறணுமாக்கும்?"

எஞ்சியதையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஆணியை ஒப்புக்கொண்ட அன்று மதியம் விதிப்படி, அடுக்கு குலையாத பகுதியை மட்டும் அளந்தேன். எட்டு மீட்டர் எழுபத்தொன்பது. உறிஞ்சல் என்பது, குழாய் பாய்ந்து நின்றபின் நிகழ்வது. ஆகவே பித்தளை ஆணியைச் செருகியிருந்தாலும் அந்த எட்டு மீட்டர் எழுபத்தொன்பது வந்தே இருக்கும். லூபெனைவிட ஏழு சென்டிமீட்டர் அதிகம். இருமுறை அளந்துவிட்டுத்தான் சொன்னேன். ஸ்தாமென் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

லூபென் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக் கதவுக்குப் போனார். தம் பெயருக்கு மேலே "ஸ்தாமென், 8.79" என்று பெரிதாக எழுதினார்.

"மின்சோ, அடிக்கறிய அண்ணனுக்கு வை!"

ஸ்தாமென் எழுந்து வந்தார், சட்டைக் கையால் தம் பெயரை அழித்தார், எண்ணையும் அழித்தார்.

"உன் சுண்ணாம்பு எனக்கு வேணாம்" என்றார்.

சனவரியில் லூபென் துளைக்கப்பலுக்குப் புறப்பட்டார். வழியனுப்பத் துறைக்கு வந்தவர்களில் ஸ்தாமென் இல்லை. அவர் எங்கள் கப்பலில் பித்தளை ஆணிகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்; ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே பெட்டியில் இட்டார்.